வில்: ஆயுதமா, வாத்தியமா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ராத்திரி பத்து மணிக்கு மேல் நம்ம விடுதியில் எந்த அறைக் கதவைத் தட்டினாலும், ஒருத்தனாவது போனில் வாள் வீசிக்கொண்டிருப்பான். வாள், கோடரி, மந்திரக்கோல், துப்பாக்கி... ஆயுதத்துக்குப் பஞ்சமே கிடையாது. மின்னணுவியல் படிக்கிற நண்பன் ஒருவன் பழைய ஜப்பான் விளையாட்டு ஒன்றைப் பிடித்துவைத்து ஆடுகிறான். அதில் ஒரு ராஜகுமாரன் வருகிறான். எதிரே பூதம் நிற்கிறது. இவன் என்ன செய்கிறான் தெரியுமா? யாழை எடுத்து மீட்டுகிறான்! உடனே பூதத்தின் தலைக்கு மேல் ஒரு எண் தோன்றி, அதன் உயிர் அத்தனை புள்ளி குறைகிறது.

"ஏலே, யாழைத் தூக்கி அடிக்கானா, இல்ல வாசிச்சு அடிக்கானா?" என்று கேட்டேன்.

"பாட்டுதாம்ல ஆயுதம்" என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இந்த வகை விளையாட்டுகளில் நாம் ஒரு வேடத்தை ஏற்றுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிச் சண்டை போட வேண்டும். 1974இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் தாத்தா. அது காகிதமும் பகடையும் வைத்து ஆடுவது. 1976இல் அதற்குப் 'பார்ட்' என்ற வேடம் வந்து சேர்ந்தது. பார்ட் என்றால் நம்ம பாணன்தான். பாட்டுப் பாடி வீரர்களுக்கு வலு ஏற்றுகிறவன். அங்கிருந்து பாணன் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குள் நுழைந்தான். 1991இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' நான்காம் பாகத்தின் ராஜகுமாரன்தான் மேலே சொன்ன யாழ்க்காரன். உயிர் குறைந்தால் சண்டையை விட்டு ஓடி ஒளிந்துகொள்வான் என்று விளையாடுகிறவர்கள் எல்லாரும் அவனைக் கேலி செய்வார்கள், பாவம்! 1992இல் வந்த ஐந்தாம் பாகத்தில் 'அப்பல்லோவின் யாழ்' என்ற பெயரிலேயே ஒரு ஆயுதம் கிடைக்கிறது. புராணப் பெயர் சூட்டிய வாத்தியம், அதுவே ஆயுதம்.

பெயர் வைத்தவர்கள் விவரமானவர்கள். அப்பல்லோ கிரேக்கர்களின் சாமி. அவன் கையில் இரண்டு பொருள் உண்டு: ஒன்று யாழ், இன்னொன்று வெள்ளி வில். எய்தால் கொள்ளைநோய் வரும், மீட்டினால் இசை வரும். ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில் கடைசிச் சண்டைக்கு முன்னால் ஒடிஸியஸ் தன் பழைய வில்லுக்கு நாண் ஏற்றுகிறான். பாடகன் ஒருவன் யாழுக்கு நரம்பு கட்டுவதுபோல அலட்டிக்கொள்ளாமல் ஏற்றினான் என்றும், விரலால் சுண்டிப் பார்த்தபோது நாண் தகைவிலான் குருவிபோலப் பாடியது என்றும் ஹோமர் சொல்கிறார். அடுத்த நிமிஷமே கொலை ஆரம்பம்.

வில்லிலிருந்துதான் யாழ் பிறந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். நம்ம இலக்கியத்திலும் சாட்சி இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கிற இடையன் குமிழ மரத்தின் உள்ளீடற்ற கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, ஒரு யாழ் செய்து வாசிக்கிறான். அதன் பெயரே வில்யாழ்!

புராணப் பெயர் உள்ள போர் வாத்தியம் வேண்டுமென்றால் அப்பல்லோவரை போகவே வேண்டாம். குருச்சேத்திரத்தில் முதல் அம்பு பாயும் முன்னால் கண்ணன் பாஞ்சசன்யத்தை ஊதினான். அர்ச்சுனன் தேவதத்தம், பீமன் பௌண்ட்ரம், தருமன் அனந்தவிஜயம், நகுலன் சுகோஷம், சகாதேவன் மணிபுஷ்பகம். ஆளுக்கொரு சங்கு, சங்குக்கொரு பெயர். அந்த முழக்கம் கௌரவர்களின் நெஞ்சைப் பிளந்தது என்று பகவத் கீதையின் முதல் அத்தியாயம் சொல்கிறது. விளையாட்டுக்காரன் பாஷையில் சொன்னால், சண்டை தொடங்கும் முன்பே எதிரிக்கு இத்தனை புள்ளி நஷ்டம். நம்ம தாமிரபரணி கடலில் கலக்கிற பக்கம், மன்னார் வளைகுடாவில், காலங்காலமாகச் சங்கு குளித்து எடுத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

சங்க காலத்து அரசர்களுக்கு முரசு. அதற்குப் பலி கொடுத்துப் பூசை செய்தார்கள். எதிரியின் முரசைப் பிடித்துவிட்டால் அவன் நாட்டையே பிடித்த மாதிரி. மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில் தெரியாமல் முரசுக் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். தலை போகிற குற்றம்! ஆனால் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்காமல் விசிறியை எடுத்து வீசினான் என்ற புறநானூற்றுச் சேதியைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்போம்.

இதெல்லாம் வாத்தியம் ஆயுதமான கதை. நம்ம பக்கத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். இங்கே ஆயுதம் வாத்தியமாயிற்று. வில்லுப்பாட்டைத்தான் சொல்கிறேன். நம்ம ஊர்ப் பேச்சில் வில்லடி.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899இலிருந்து 1905 வரை தோண்டியபோது இரும்பு வாள்களும் ஈட்டி முனைகளும் அம்பு முனைகளும் கிடைத்தன. இந்த ஆற்றங்கரையில் வில் எத்தனை பழையது என்பதற்கு அது போதும். அம்பு முனை இரும்பு, அதனால் மிஞ்சியது. வில் மரம், மக்கிப் போனது. வேட்டைக்குப் போன ராஜா அலுப்புத் தீர வில்லைக் கவிழ்த்துப் போட்டு நாணைத் தட்டினான், கூட இருந்தவர்கள் பாடினார்கள், அப்படித்தான் வில்லடி வந்தது என்று வயசாளிகள் கதை சொல்வார்கள். கதை கதைதான். ஆனாலும் பொருத்தமான கதை.

வில்லடி மேடையை அருகில் போய்ப் பாருங்கள். நம்ம பாடத்தோடு சேர்த்துப் பார்த்தால் சுவாரஸ்யம் கூடும்.

வில் ஆள் உயரத்தையும் தாண்டும். பனை வைரத்திலோ, கூந்தல் பனையிலோ, மூங்கிலிலோ செய்திருப்பார்கள். நாண் முறுக்கிய தோல் கயிறு. வில்லின் வளைவில் வரிசையாக வெண்கல மணிகள் தொங்கும். வில்லின் முதுகு கீழே, நாண் மேலே. வில்லின் நடுப்பகுதி ஒரு மண்குடத்தின் கழுத்தோடு சேர்ந்திருக்கும். குடம் வைக்கோல் புரிமணையில் உட்கார்ந்திருக்கும். நடுவே தலைமைப் பாடகர், புலவர் அல்லது அண்ணாவி என்பார்கள். அவர் கையில் இரண்டு வீசுகோல். அவற்றிலும் சதங்கை உண்டு. நாணில் கோல் விழுந்ததும் மணியெல்லாம் ஒருசேரச் சிணுங்கும். பக்கத்தில் உடுக்கை, தாளம், கட்டை. அண்ணாவிக்கு வலப்பக்கம் இருக்கிறவர்கள் வலம்பாடி, இடப்பக்கம் இடம்பாடி. ஒரு பக்கம் பாட, மறுபக்கம் வாங்கிப் பாடும்.

இப்போது கொஞ்சம் இயற்பியல்! கட்டிய கம்பியின் அதிர்வெண் மூன்று விஷயத்தைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். இழுவிசை நான்கு மடங்கானால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். ஒரு மீட்டருக்கு உள்ள நிறை நான்கு மடங்கானால் மறுபடி பாதியாகும். வீணைக் கம்பி சன்னமானது, விறைப்பானது. வில்லின் நாண் நீளமோ நீளம், கனமோ கனம். அதனால் அதில் சுரம் எதிர்பார்க்கக் கூடாது. அது தரைக்குப் பக்கத்தில் உறுமுகிற சத்தம். மேல் சத்தத்துக்கு மணிகள் இருக்கின்றன, நடுவில் மனிதக் குரல். ஆக மூன்று தளம், ஒன்றை ஒன்று மறைக்காது. மைக் இல்லாத காலத்தில் கோயில் வாசலில் நூற்றுக்கணக்கான பேருக்குக் கேட்க வேண்டிய கலைக்கு இது எத்தனை கச்சிதமான டிசைன்!

குடம்தான் என்னைப் பொறுத்தவரை முக்கியமான ஆள். குடக்காரர் குடத்து வாயைக் கமுகம்பாளையில் செய்த பட்டையால் அடிப்பார், மறுகையில் உள்ள காசால் குடத்தின் உடம்பைத் தட்டுவார். வாயில் அடி விழும்போது உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிகிறது. 'பும்' என்று வருகிறதே, அது மண்ணின் சத்தம் அல்ல, காற்றின் சத்தம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் காற்றறை ஒத்ததிர்வைக் கணக்குப் போட்டுச் சொன்னார். நம்ம குடக்காரருக்குக் கணக்குத் தெரியாது. எந்தக் குடம் பேசும், எந்தக் குடம் பேசாது என்று சுண்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். "வாய் சிறுத்து வயிறு பெருத்த குடமா எடுக்கணும் தம்பி. வாய் அகண்டுதுன்னா சத்தம் நிக்காது" என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். அவர் சொன்னதில் பாதிச் சூத்திரம் இருக்கிறது.

இன்னொரு சங்கதி. அம்பு இல்லாமல் வில்லை முழுக்க இழுத்து வெறுமனே விட்டால் என்ன ஆகும்? வில் உடைந்து போகலாம். வளைவில் சேர்த்துவைத்த ஆற்றல் முழுதும் அம்போடு போயிருக்க வேண்டியது. போக இடமில்லாமல் வில்லுக்கே திரும்பி வந்துவிடுகிறது. இன்றைக்கு வில்வித்தை பழகுகிறவர்களுக்கு முதல் பாடமே 'வெறும் நாணை விடாதே' என்பதுதான். வில்லடியில் நாணை இழுப்பதில்லை, அடிக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ராத்திரி முழுக்க. அந்த ஆற்றல் ஒரு ஆள் நெஞ்சைத் தேடிப் போவதில்லை. மணிக்கும் குடத்துக்கும் காற்றுக்கும் பிரிந்து, உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் காதுக்கும் போகிறது.

கடல் தாண்டி இதற்கு ஒரு தம்பி இருக்கிறான். பிரேசிலில் 'பெரிம்பாவ்' என்று ஒரு வாத்தியம். மர வில், கம்பி நாண், எதிரொலிக்க ஒரு சுரைக்குடுக்கை, அடிக்க ஒரு குச்சி, குச்சி பிடித்த கையிலேயே ஒரு கிலுகிலுப்பை. குடமும் மணியும் வேறு உருவத்தில்! ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் வந்தது. 'கப்போய்ரா' என்ற சண்டை ஆட்டத்துக்கு இதுதான் தலைமை. பெரிம்பாவ் தாளத்தை மாற்றினால் வட்டத்துக்குள் நிற்கிறவர்களின் சண்டை முறையும் மாறும். 1890இல் பிரேசில் குற்றச் சட்டத்திலேயே எழுதி அந்த ஆட்டத்தைத் தடை செய்தார்கள். தடை விலகியது 1930களில்தான். 2014இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பாரம்பரியச் சொத்து என்று பட்டியலில் சேர்த்தது.

சரி, வாத்தியமான பிறகு நம்ம வில்லில் ஆயுதத்தின் குணம் போய்விட்டதா? போகவில்லை என்பதுதான் என் கட்சி.

வில்லடி கச்சேரி அல்ல, கொடையின் ஒரு பகுதி. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் கோயில்களில் கொடை நடக்கும்போது அந்தச் சாமியின் கதையை வில்லில் பாடுவார்கள். (கணியான் கூத்தில் இதே வேலையை மகுடம் செய்யும். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.) காப்பு, வருபொருள், குருவணக்கம், அவையடக்கம், நாட்டு வளம் என்று நிதானமாகத்தான் ஆரம்பிக்கும். கதை நெருங்க நெருங்க வேகம் ஏறும். வரத்துப்பாட்டு வந்ததும் உடுக்கை பிடித்துக்கொள்ளும், சாமியாடி எழுந்து ஆடுவார். அமெரிக்கரான ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கன்னியாகுமரிப் பக்கத்தில் வில்லுப்பாட்டைக் கேட்டு ஆராய்ந்து 1988இல் ஒரு புத்தகம் போட்டார். பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று அவர் இரண்டாகப் பிரிக்கிறார். தெய்வமாகப் பிறந்தவர்களின் கதை ஒன்று. மனிதராகப் பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டு, அதனால் தெய்வமானவர்களின் கதை இன்னொன்று.

இரண்டாவது வகைதான் நம் மண்ணில் கனமானது. கொலையானவர் சாமியாகிறார். கும்பிடுகிறவர்களில் அவருடைய சொந்தக்காரர்களும் உண்டு, சில இடங்களில் கொன்றவர்களின் வழிவந்தவர்களும் உண்டு, பயத்தால். போலீஸ் கேஸ் இல்லை, கோர்ட் இல்லை. ஆனால் யார் கொன்றது, எங்கே கொன்றது, எதற்காகக் கொன்றது என்று வருஷத்துக்கு வருஷம் ஊர் நடுவே ஒருவர் வில்லை அடித்துப் பாடிக்கொண்டிருக்கிறார். உயிர்ப் புள்ளி குறைகிறதோ இல்லையோ, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் சிலருக்கு வேர்த்துக் கொட்டும்.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இது நடப்பதே நம்ம தாமிரபரணி மலையடிவாரத்தில். முத்துப்பட்டன் பிராமணன், அண்ணன் தம்பி ஏழு பேரில் இளையவன். கோபித்துக்கொண்டு மலையாளக் கரைக்குப் போய்ச் சேவகம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கச்சியைப் பார்த்து மனசைக் கொடுக்கிறான். அவர்கள் மாட்டுக் காவல் பார்க்கிற வாலப்பகடை என்ற சக்கிலியரின் மக்கள். 'என் பிள்ளைகள் வேண்டுமென்றால் பூணூலையும் குடுமியையும் எடுத்துவிட்டு, எங்களை மாதிரி செருப்புத் தைத்துக் கொண்டு வா' என்கிறார் வாலப்பகடை. முத்துப்பட்டன் அப்படியே செய்கிறான்! கல்யாணமும் நடக்கிறது. அன்று ராத்திரியே மாட்டுக் கிடையைக் கொள்ளையர் வளைக்கிறார்கள். மாமனாரின் காவலை மருமகன் ஏற்று, தனியாக நின்று அடித்து விரட்டுகிறான். அலுத்துப்போய்த் தண்ணீரில் இறங்கியபோது ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். சிங்கம்பட்டி ஜமீனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு பெண்களும் தீப்பாய்ந்தார்கள்.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் இருப்பது இந்த முத்துப்பட்டன்தான். அங்கே அவனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு! பெரிய பெரிய தோல் செருப்புகளைச் செய்து கொண்டுவந்து கட்டுகிறார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடச் சொல்கிற நாட்டில், செருப்பையே சாமிக்குச் சாத்துகிற கோயில். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலையில் கூடுகிற கூட்டத்தில் பாதிப் பேர் இதை யோசித்துப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். சிங்கம்பட்டி ஜமீனின் கடைசி ராஜா முருகதாஸ் தீர்த்தபதி, 2020இல் காலமாகும்வரை, ஆடி அமாவாசைத் திருவிழாவில் ராஜ உடையில் வந்து உட்காருவது வழக்கம்.

இந்தக் கதைக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று மேலே சொன்னது. இன்னொன்றில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று ஒரு முன்கதை ஒட்டியிருக்கிறது. முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, அது பிற்பாடு ஒட்டவைத்தது என்று எடுத்துக்காட்டினார். ஏன் ஒட்டவைத்தார்கள்? அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் முத்துப்பட்டன் சாதியைத் தாண்டவே இல்லை என்று ஆகிவிடும். எல்லாருக்கும் நிம்மதி. அம்பின் முனையை மட்டும் கழற்றிவிட்டு அம்பை எய்வதுபோல! ஒரு பாட்டு யாரையும் குத்தாது என்றால் அதன் முனையை மழுக்க இத்தனை மெனக்கெடுவார்களா? வில்லடி ஆயுதம்தான் என்பதற்கு என்னிடம் உள்ள பலமான சாட்சி இதுதான்.

வானமாமலை (1917–1980) நாங்குநேரிக்காரர். அந்த ஊர்ப் பெயரை இன்று சொன்னால் நமக்கு வேறு ஞாபகம் வருகிறது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பிளஸ் டூ மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள், அவனோடு படித்த பையன்கள். சாதிதான் காரணம். அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாகப் போட்டது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னார். படிக்கிற பையன் கையில் என்ன கயிறு என்று நீதிபதி உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் ஏறியதும் முகத்தைப் பார்க்கும் முன் மணிக்கட்டைப் பார்க்கிறவர்கள் நமக்குள்ளும் உண்டு, மறைப்பானேன்? அதே பையன்கள் கொடைக்குப் போய் முத்துப்பட்டன் கதைக்குச் சாமி கும்பிட்டுத் திருநீறு பூசி வருகிறார்கள். காது எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. ஒருவேளை அந்த நேரத்தில் போனில் பூதத்தை அடித்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

வில்லைப் பிரச்சாரத்துக்கும் எடுத்தார்கள். நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணன் அதை நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார். கொத்தமங்கலம் சுப்பு காந்தி கதையை வில்லில் பாடினார். நம்ம சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் என்.எஸ்.கே.யோடு சென்னைக்குப் போய், 2022இல் காலமாகும்வரை வில்லிசையே வாழ்க்கை என்று இருந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும் வில்லிசைக்கு இடம் கொடுத்தது. குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு என்று அரசாங்கச் சேதிகளும் வில்லேறின. தப்பில்லை. ஆனால் ராத்திரி முழுக்கப் போகிற இறப்புக் கதையும் அரைமணி நேர நிகழ்ச்சியும் ஒன்றாகாது. அது ஏவுகணை, இது ஊசிப் பட்டாசு.

பெண்களும் வில்லடித்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கன்னியாகுமரிப் பக்கத்துப் பூங்கனி அம்மா அந்தக் காலத்திலேயே கோயில் கோயிலாகப் போய்த் தலைமை ஏற்றுப் பாடியவர். 2018இல் காலமானார். நம் மலரில் அவர் பெயர் ஒரு தடவையாவது அச்சாகட்டும் என்றுதான் எழுதினேன்.

கணிப்பொறித் துறை நண்பர்களுக்கு ஒரு யோசனை. இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு விளையாட்டு செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் அப்பல்லோவை விட்டுவிட்டு வில்லை எடுத்துப் பாருங்கள். நிபந்தனைகள் சில. இதை ஒற்றை ஆள் தூக்க முடியாது. அண்ணாவி, குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று குறைந்தது ஐந்து பேர் வேண்டும், ஒருத்தன் தாளம் தப்பினாலும் தாக்குதல் பலிக்காது. காப்பில் ஆரம்பித்து வரிசையாகத்தான் வர முடியும், நேரே கடைசி அடிக்குத் தாவ முடியாது. ஈரக்காற்று அடித்தால் தோல் நாண் தளரும், நடுவில் இழுத்துக் கட்ட ஒரு முறை போகும். எதிரியின் உயிர்ப் புள்ளி இதில் குறையாது. கொலையை மறைத்துவைத்தவன் கூட்டத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது மட்டும் தெரியவரும். இந்த விதியோடு ஒரு விளையாட்டு வந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் நானும் ஆடத் தயார்.

நேரில் கேட்க விரும்புகிறவர்களுக்கு: பங்குனி, சித்திரையில் பாளையங்கோட்டைக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில் உள்ள ஊர்களில் விசாரித்தால் எங்காவது ஒரு கொடை இருக்கும். செவ்வாய், வெள்ளியாகப் பார்த்துப் போங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். குடக்காரருக்கு நேர் எதிரே தரையில் இடம் பிடித்தால் அந்த 'பும்' நெஞ்சுக்கூட்டில் தெரியும். கதையில் கொலை வருகிற இடம் நடுராத்திரிக்கு மேல்தான். அதனால் கடைசி பஸ்ஸை நம்பிப் போக வேண்டாம். விடுதியில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிவிட்டு, ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு போங்கள்.